மூக்கால் சமைத்தவர்

பங்களாக் குசினியை மூடப்போகிறார்கள் என்பதைச் சமையற்காரர் கணபதியிடம் துரையே நேரில் வந்து சொன்னார். எழுபத்தொன்பதாம் வருடம், மாசி மாதம். பசறைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து நாலு வருடமாகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இப்போதைய துரை சிங்களவர், இளம் வயதுக்காரர், வேலைக்காரரிடம்கூடக் குரலை உயர்த்தாதவர். தான் குடும்பத்தோடு பதுளை டவுனுக்குக் குடிபோவதாகவும், பங்களாவைத் தோட்டத்து ஆபீசாக மாற்றப்போவதாகவும் சொல்லிவிட்டு, "வேலை போகாது, பயப்படாதீங்க. ஏப்ரல் முதலாம் தேதியிலயிருந்து மலையில வேலை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

கணபதிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலை போய்விடுமென்று அவர் பயப்படவில்லை. பெரட்டில் போய் நிற்க வேண்டுமே என்றுதான் பயந்தார். விடிகாலையில் தப்பு மேளம் அடித்ததும் தோட்டத்து ஆண்களும் பெண்களும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் கூடுவார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு, இன்ன மலைக்கு இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார். அதுதான் பெரட்டு. முப்பது வருடமாகக் கணபதி அந்தக் கூட்டத்தில் நின்றதில்லை. அந்த நேரத்தில் அவர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு துரைக்கு முட்டை அவித்துக்கொண்டிருப்பார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கவும் இல்லை. பங்களாவுக்குப் பின்னால் அவருக்கும் மனைவி பெரியாயிக்கும் தனி அறை இருந்தது. பங்களாச் சமையற்காரரைத் தோட்டங்களில் 'அப்பு' என்பார்கள். லயத்து ஆட்களுக்கு அவர் 'மூக்கு அப்பு'. மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்துப் பக்கம் வந்தால்கூடக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பார். அதை யாரும் மறந்திருக்கவில்லை.

துரை சொன்ன மறுநாளே தலைக்கங்காணி அழகர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்ன அப்பு, ஒண்ணாந்தேதி பெரட்டுக்கு வெள்ளக் கோட்டோட வருவீங்களா, இல்ல சும்மா வருவீங்களா?"

"எப்பிடி வரணுமோ அப்பிடி வருவேன்."

"இல்ல, கேட்டேன். புல்லு வெட்டுறவங்க நடுவுல நின்னா கொக்கு மாதிரித் தெரிவீங்களேன்னுதான்."

அழகர் சிரித்துக்கொண்டே போனார். கணபதி அன்று துரைக்கு வைத்த சூப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவருடைய மனநிலை சட்டிக்குள் இறங்குவதில்லை.

ஏனென்றால் அவர் சமைத்த முறையே வேறு. சமைத்த எதையும் அவர் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அவர் வேலைக்குச் சேர்ந்தபோதிருந்த துரைசாணி. ருசி பார்த்த கரண்டியை மறுபடி சட்டிக்குள் போட்ட முந்திய சமையற்காரரை அந்த அம்மாள் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டாவது, மாட்டிறைச்சி. கணபதியின் குடும்பத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. குசினியில் காலெடுத்து வைப்பதற்கு முதல் நாள் அவர் முனியாண்டி கோயிலில் சூடம் ஏற்றி, 'கையால் தொடுகிறேன், வாயால் தொடமாட்டேன்' என்று சாமியிடம் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார். எது மாட்டிறைச்சிச் சாறு பட்டது, எது படாதது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லாததால் எதையுமே ருசி பார்ப்பதில்லை என்றாக்கிக்கொண்டார்.

ஆகவே மூக்குதான் அவருக்கு எல்லாம். மூடியைத் திறந்ததும் எழும் ஆவியில் உப்புப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். கோதுமை மா வெந்ததா, வெண்ணெய் கருகப்போகிறதா, இன்னும் எத்தனை நிமிடம் என்று எல்லாம் மூக்குக்குத் தெரியும். விருந்துக்கு வந்த துரைமார் தட்டைப் பாண் ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். தான் எதைச் சமைக்கிறோம் என்று கணபதிக்குத் தெரிந்ததா என்பது வேறு கேள்வி. பிறர் நாக்குக்கு என்ன நேர்கிறது என்று யாருக்கும் தெரியாது. தன் நாக்குக்கு நேர்வதை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவுதான். கணபதி அந்த ஊகம்கூட இல்லாமல் முப்பது வருடம் ஓட்டியவர்.

பெரியாயிக்கு இதில் பெருமையும் இல்லை, மரியாதையும் இல்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். "ஊரே ஒங்க கைய மெச்சுது. வீட்டுல வச்ச ரசத்துக்கு உப்பு போதுமான்னு கேட்டா மோந்து பாத்துட்டு 'சரி'ங்கிறீங்க. குடிச்சுப் பாத்துச் சொன்னா என்னவாம்?" என்பாள்.

மாசி கடைசியில் கணபதி சாமான் வாங்கப் பதுளைக்குப் போனார். பங்களாவுக்கு எப்போதும் ஸஹாப்தீன் முதலாளியின் கடையில்தான் வாங்குவது. குசினி மூடுகிற கதையைக் கேட்டதும் முதலாளி தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"அப்பு, நீங்க புல்லு வெட்டவா? என்ன கதை இது! கொழும்புல கோட்டைப் பக்கம் பதினாலு மாடி ஹோட்டல் ஒண்ணு தொறக்கப் போறாங்க. எங்கட மருமகன் தாஸிம் அங்கதான் ஸ்டோர்ல ஈக்கிறான். குசினிக்கு ஆள் தேடுறாங்களாம். அதுவும் இங்கிலீஸ் சாப்பாட்டுக்கு."

"எனக்கு வயசாயிருச்சுங்களே மொதலாளி."

"வயசு எதுக்கு? நீங்க என்ன பொண்ணு பாக்கவா போறீங்க? கையத்தானே பாக்கப் போறாங்க. கடுதாசி தாறன், கொண்டு போங்க."

கணபதி கடிதத்தை வாங்கி மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். பஸ்ஸில் வருகையில் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் கடிதத்தால் ஏப்ரல் முதலாம் தேதி தப்படிக்கும்போது தான் கொழும்பில் ஓர் அடுப்புக்கு முன்னால் நிற்கலாம். சமையற்காரனாகவே சாகலாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பங்குனி முதல் வாரத்தில் காலைக் கோச்சியில், அதாவது ரயிலில், புறப்பட்டு, பொழுது சாயும்போது கொழும்பில் இறங்கினார். தாஸிம் ஸ்டேஷனுக்கு வந்து மருதானையில் தன் அறைக்குக் கூட்டிப்போனான். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவன்.

"அப்பு, பெரிய செஃப் வெளிநாட்டுக்காரர். கோபக்காரர் இல்ல, ஆனா சிரிக்கமாட்டார். ஒரு சாப்பாடு செய்யச் சொல்லுவார். ஒங்களுக்கு எது நல்லா வருமோ அதச் செய்ங்க. திறப்பு விழாவுக்கு மூணு கிழமதான் ஈக்கி, ஆள் இல்லாமத் திண்டாடுறாங்க. சும்மா கெடச்சுரும்."

மறுநாள் ஹோட்டலின் பின்வாசலால் இருவரும் உள்ளே போனார்கள். எங்கும் புதுப் பெயின்ட் நாற்றம். தரையில் பளிங்குக் கற்களை இழைத்துக்கொண்டிருந்தார்கள். குசினி, பங்களா முழுவதையும்விடப் பெரிதாக இருந்தது. விறகு இல்லை, புகை இல்லை, கரி இல்லை. நீண்ட வரிசையில் காஸ் அடுப்புகள். அவற்றின் மேல் கூரையைப் போலத் தகரக் கூண்டு ஒன்று தொங்கியது. அதற்குள்ளே விசிறிகள் ஓயாமல் இரைந்தன.

கணபதி ரோஸ்ட் செய்வதாகச் சொன்னார். மாட்டிறைச்சி ரோஸ்டும் அதற்கு ஊற்றுகிற கிரேவியும். கோட்டின் கையை மடித்துவிட்டு இறைச்சியைக் கழுவித் துடைத்து, நூலால் கட்டினார். செஃப் பக்கத்தில் வந்து நின்று அந்தக் கட்டைப் பார்த்தார். தலையை ஒருமுறை அசைத்தார். தாஸிம் தூரத்திலிருந்து கணபதியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிரேவிச் சட்டியின் மூடியைத் திறந்தபோதுதான் கணபதிக்கு நடந்தது விளங்கியது. ஆவி அவரிடம் வரவில்லை. யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்ததுபோல நேரே மேலே போய்க் கூண்டுக்குள் மறைந்தது. அவர் குனிந்தார். முகத்தில் சூடு பட்டது, வாசம் வரவில்லை. இன்னும் குனிந்தார். பெயின்ட் நாற்றமும் காஸ் நாற்றமும்தான் வந்தன.

"தாஸிம் தம்பி, இந்த ஃபேன ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லுங்களேன்."

"ஐயோ அப்பு, இத நிப்பாட்டினா மொத்தக் குசினியும் நின்டுரும். ஏன்?"

கணபதி சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். உப்புப் போட்டதாக ஞாபகம். போதுமா? ஒரு சிட்டிகை போட்டார். சற்றுப் பொறுத்து, நிச்சயமில்லாமல், இன்னும் ஒரு சிட்டிகை.

செஃப் இறைச்சியை வெட்டி வாயில் போட்டு மென்றார். இன்னொரு துண்டும் எடுத்தார். பிறகு கிரேவியைக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்ததும் கண்ணைச் சுருக்கினார். கோபப்படவில்லை. ஒரு புதுக் கரண்டியை எடுத்துக் கணபதியிடம் நீட்டினார். ருசித்துப் பார்த்துவிட்டு, இதில் என்ன பிழை என்று சொல் என்றார்.

கணபதி கரண்டியைப் பார்த்தார். சாமியிடம் சொன்ன சொல் ஒரு பக்கம். பெரட்டு மறுபக்கம். மாட்டேன் என்றால் அதோடு முடிந்தது. வாயில் வைத்தால் ஒருவேளை நிலைக்கலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிரேவியை வாயில் வைத்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தரம். கெட்டியான, கனத்த, ஏதோ ஒன்று நாக்கின்மேல் படர்ந்தது. உப்பு இருந்தது. கூடவா, குறைவா? எதைவிடக் கூட? எதைவிடக் குறைவு? முன்பு உண்ட ஒன்று நாக்கில் நின்றால்தான் இதை அதனோடு வைத்து அளக்கலாம். வீட்டுச் சோறும் ரசமும் தவிர அவர் நாக்கில் அப்படி எதுவும் இல்லை. முப்பது வருடம் ஆயிரக்கணக்கான தட்டுகளில் தான் ஊற்றி அனுப்பியது இதுதானா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. அது நன்றாயிருக்கிறதா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

"தெரியலைங்க" என்றார். ஆங்கிலம் தெரிந்தும் தமிழில்தான் வந்தது.

தாஸிம் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். தேவைப்படவும் இல்லை. செஃப் கரண்டியை வாங்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: கை நல்ல கை, ஆனால் ருசி பார்க்காதவனிடம் அடுப்பைக் கொடுக்க முடியாது. அது நியாயம்தான். கணபதியும் அப்படித்தான் நினைத்தார்.

வெளியே வரும் வழியில் ஹோட்டலின் உதவி மானேஜர் கணபதியின் கோட்டைப் பார்த்து நின்றார். பித்தளைப் பொத்தான், மடிப்புக் கலையாத கழுத்துப்பட்டி. தாஸிமிடம் ஏதோ கேட்டார். தாஸிம் உற்சாகமாகத் திரும்பினான்.

"அப்பு, முன் ஹால்ல தேத்தண்ணி மேச ஒண்ணு வைக்கப் போறாங்களாம். வெள்ளக்காரன் காலத்துப் பங்களா மாதிரி. ஒங்கள மாதிரி ஆள்தான் வேணுமாம். தலப்பா கட்டிக்கிட்டு நின்டு தேத்தண்ணி ஊத்தணும்."

"பங்களாவுல நாங்க தலப்பா கட்டுறதில்லையே தம்பி."

"அது அவங்களுக்குத் தெரியாது. ஒங்களுக்கு வேல வேணுமா, வேணாமா?"

வேண்டும். கணபதி தோட்டத்துக்குப் போட்ட தபாலட்டையில் 'ஹோட்டலில் வேலை கிடைத்துவிட்டது' என்று மட்டும் எழுதினார். என்ன வேலை என்று எழுதவில்லை. பெரியாயி அந்த அட்டையை லயம் முழுவதும் காட்டினாள். அழகர் கங்காணி வாங்கி இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

திறப்பு விழா சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் நடந்தது. கண்டி மேளம், பேண்டு வாத்தியம், ஆளுயரக் குத்துவிளக்கு. மந்திரிமாரும் வெளிநாட்டுத் தூதுவர்களும் வந்தார்கள். கணபதி சிவப்புத் தலைப்பாகையோடு, இடுப்பில் தங்கச் சரிகைப் பட்டியோடு, வெள்ளிக் கேத்தலுக்குப் பின்னால் நின்றார். புன்னகை செய்ய வேண்டும், பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குளிரூட்டிக் காற்று அவர் தலைக்கு மேலிருந்த துவாரத்தால் இறங்கிப் பிடரியில் விழுந்துகொண்டிருந்தது. பதுளைக் குளிர் அவருக்குத் தெரியும்; அது மழையோடும் மண்ணோடும் வரும், போகும். இந்தக் குளிர் ஒரே அளவில் நின்றது.

ஒரு அம்மாள் அவர் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார். இன்னொருவர் தலைப்பாகையின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். கோப்பைகளை வாங்கினார்கள், கொஞ்சம் உறிஞ்சிவிட்டு எங்காவது வைத்துவிட்டு வேறு பானங்களுக்குப் போனார்கள். அவரும் விடாமல் ஊற்றினார். இடையில் ஒருமுறை கேத்தலின் மூடியைத் திறந்து பழக்கத்தில் குனிந்தார். அவருடைய மலைப் பக்கத்து ஊவாத் தேயிலை; உயர்ந்த ரகம். வாசம் வரவில்லை. சந்தனமும் சென்ட்டும் மல்லிகையும் கலந்த ஹாலில் தேயிலை எப்படி மணக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சளி பிடித்தது. ஆறாவது வாரம் சளி விட்டது. மூக்கு மட்டும் திரும்பவில்லை. அதை அவர் தாஸிமிடம் சொல்லவில்லை. தினமும் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறரை வரை நின்றார். ஹோட்டலில் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. பணியாட்களின் சாப்பாட்டு அறையில் எதைச் சாப்பிட்டாலும் வைக்கோலைத் தின்பதுபோல இருந்தது. குசினிக் கதவு திறந்து மூடும்போது உள்ளே நெருப்பு தெரியும், அவ்வளவுதான்.

ஆடி மாதம் ஒரு கிழமை லீவு கொடுத்தார்கள். பங்களா அறை இப்போது இல்லை. பெரியாயி லயத்துக் காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தாள். புருஷன் வருகிறான் என்று நெத்திலிக் கருவாட்டைப் பொரித்துக்கொண்டிருந்தாள். கணபதி வாசலில் நின்று பார்த்தார். புகை கண்ணைக் கரித்தது. சட்டியில் கருவாடு சிவந்து சுருள்வது தெரிந்தது. அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை.

"என்ன, அப்பிடியே நிக்கிறீங்க? லயத்து நாத்தம் புடிக்கலையா? கைக்குட்டைய எடுங்க."

அவர் அடுப்புக்கு முன்னால் குந்திச் சட்டிக்கு மேலே முகத்தை நீட்டினார். எண்ணெய் தெறித்துக் கன்னத்தில் பட்டது.

"பைத்தியமா ஒங்களுக்கு?" என்று பெரியாயி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். தகரக் கூண்டை, கரண்டியை, தலைப்பாகையை. சமையல் வேலை இல்லை என்றபோது அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டேயிருந்தாள். மாட்டிறைச்சிச் சாற்றை வாயில் வைத்தேன் என்றதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாமிக்குக் குடுத்த சொல்ல மீறிட்டு வந்து மூக்கக் காணோமுன்னு தேடுறீங்களா? கொடுத்தவரு எடுத்துக்கிட்டாரு."

"சளி புடிச்சதுல வந்தது புள்ள. அங்க காத்து அப்பிடி."

"அங்க நிக்கிற எல்லாருக்குமா மூக்கு போச்சு?"

மறுநாள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொட்டு மருந்து எழுதினார். வரலாம், வராமலும் போகலாம், அந்தக் குளிருக்குள் நிற்காமலிருந்தால் நல்லது என்றார். திரும்பும் வழியில் பெரியாயி முனியாண்டிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். சாமியா, குளிரா? கணபதிக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டில் எது உண்மையானாலும் கொழும்புக்குப் போகாமலிருப்பதே வழி என்று இரண்டு பக்கமும் ஒரே தீர்ப்பைச் சொல்லின. மூக்கு இருந்தால்தான் அவர் சமையற்காரர். மூக்கில்லாமல் ஹோட்டலில் நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

லீவு முடிந்த திங்கட்கிழமை தப்பு அடித்தபோது கணபதி எழுந்து பெரட்டுக்குப் போனார். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியாயி கொழுந்துக்காரப் பெண்களின் வரிசையில் தலைகுனிந்து நின்றாள்.

அழகர் கங்காணி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"அடடே, கொழும்பு அப்பு! லீவு முடிஞ்சுதா? கோச்சி இந்தப் பக்கமாவா போகுது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"போகலைங்க. பேர எழுதிக்குங்க."

அழகர் அவர் முகத்தைப் பார்த்தார். ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேலி அவரிடம் இன்னும் இருந்திருக்கும். அதை ஏனோ எடுக்கவில்லை. துரை ஏப்ரலிலேயே சேர்க்கச் சொன்ன பெயர்தான் என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினார்.

"புல்லு வெட்டு. ஆறாம் நம்பர் மலை. கருப்பம்மா, இவருக்கு ஒரு சொரண்டி குடு."

கிழவி கருப்பம்மா புல் செதுக்குகிற சொரண்டியைக் கொடுத்தாள். "குனிஞ்சு வெட்டாதீங்க அப்பு, இடுப்பு போயிரும். குந்திக்கிட்டு நவுந்து நவுந்து வெட்டுங்க" என்றாள். மூடுபனிக்குள் வரிசையாக மலை ஏறினார்கள்.

சேவல் கொடுத்தாயிற்று. மருந்தும் முடிந்தது. முதல் மாதம் பெரியாயி அடுப்பில் எதை வைத்தாலும், "ஏதாச்சும் வருதா?" என்று கேட்டாள். பிறகு கிழமைக்கு ஒருமுறை கேட்டாள். கார்த்திகைக்குப் பிறகு கேட்கவில்லை. அவரும் சட்டிக்கு மேல் குனிவதை விட்டுவிட்டார்.